மடையான் நின்ற இடம்: பாலாற்றுப் படுகையில் பறவை நோக்கிய வரலாறு

வேலூரைப் பற்றி மக்கள் வேடிக்கையாகச் சொல்லிவரும் பழமொழி ஒன்று உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, தெய்வமில்லாத கோயில் என்று அது அடுக்கிக்கொண்டே செல்லும். சொல்பவரின் குறும்புக்கு ஏற்ப அந்த அடுக்கு நீள்வதும் உண்டு. அவற்றுள் ஒன்று 1981ஆம் ஆண்டு பொய்யாயிற்று. கோட்டைக்குள் பன்னெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த சலகண்டேசுவரர் கோயிலில் அவ்வாண்டு இலிங்கம் மீண்டும் எழுந்தருளியது. ஊரார் வேடிக்கையாகச் சொன்ன குறை ஒன்றை ஊராரே தீர்த்து வைத்தனர்.

இப்பழமொழியை ஆக்கியோர் மற்றொன்றைச் சொல்லாமல் விட்டனர். பறவையில்லாத ஏரி என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நிலை அக்காலத்தில் எழவில்லை. கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழகத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாக வயலூர் அருகே கடலைச் சேரும் பாலாறு ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நீளமுடையது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் இந்த ஆற்றின் நீரை மக்கள் ஏரிகளில் சேர்த்து வைத்தனர். ஏரி இருந்த இடமெல்லாம் பறவை இருந்தது. பறவை இருந்த இடமெல்லாம் அதைப் பார்த்த கண்ணும் இருந்தது. அந்தக் கண்ணின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரில் உறையும் பார்வை

பறவை நோக்கல் என்பதை மேனாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். தொலைநோக்கியும் குறிப்பேடும் கையிலேந்தி விடியற்காலையில் ஏரிக்கரையில் நடப்பவரைக் காணும்போது அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயின், நீர்ப்பறவைகளுக்குத் தமிழ் உழவர் இட்ட பெயர்களை எண்ணிப் பார்த்தால் அக்கருத்து நில்லாது.

நத்தையின் ஓட்டைத் திறந்து உள்ளிருக்கும் சதையை உண்ணும் நாரை நத்தைகுத்தி எனப்பட்டது. மாட்டின் மேலேறி உண்ணி பொறுக்கும் கொக்கு உண்ணிக்கொக்கு ஆயிற்று. வளைந்த நீண்ட அலகுடையது அரிவாள்மூக்கன். கழுத்தை மட்டும் நீருக்கு மேலே நீட்டிப் பாம்பு போல நீந்துவது பாம்புத்தாரா. தாமரை இலைமீது கால்பாவி நடப்பது இலைக்கோழி. நெற்றியில் வெண்ணாமம் தரித்தது நாமக்கோழி. வயலில் வேற்றாள் நுழைந்தால் கூவிக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. ஒவ்வொரு பெயரும் பலகாலம் நின்று பார்த்தவரின் முடிபு. உணவு, உறுப்பு, இயக்கம், இடம், ஒலி ஆகியவற்றை நுணுகி அறியாமல் இப்பெயர்களை இட்டிருக்க முடியாது.

இவற்றுள் மடையான் என்னும் பெயர் தனித்துக் கருதத்தக்கது. குளத்திலும் வயலிலும் மண்ணோடு மண்ணாக அசையாது நிற்கும் சிறு கொக்கு இது. பறந்தெழும்போதுதான் அதன் வெண்சிறகு தெரியும். நீர் பாயும் மடையருகே மீனுக்காகக் காத்து நிற்பதால் இப்பெயர் வந்தது என்பர். மடையைத் திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டியும், மடைவாயில் காத்திருந்த கொக்கும் நாள்தோறும் எதிரெதிரே நின்றவர்கள். அந்தப் பழக்கமே பெயராயிற்று. மடை இல்லாத ஊரில் இப்பெயர் பொருளற்ற ஒலியாக மட்டுமே எஞ்சும்.

புலவர் பார்வையும் இதற்குக் குறைந்ததன்று. குறுந்தொகையில் கபிலர் ஒரு களவு மணத்துக்குச் சாட்சியாகக் குருகு ஒன்றை நிறுத்துகிறார். அக்குருகு காதலரைப் பார்க்கவில்லை. ஓடுநீரில் ஆரல் மீனின் வரவை நோக்கி நின்றது. அதன் கால், தினைத்தாள் போல மெலிந்து பசுமை பாய்ந்திருந்தது. தலைவியின் துயர் முழுவதும் அப்பறவையின் கவனம் வேறிடத்தில் இருந்தது என்ற ஓர் உண்மையில் தங்கியுள்ளது. கொக்கை அறியாத ஒருவர் அப்பாட்டை எழுதியிருக்க இயலாது. சத்திமுற்றப் புலவர் தூது விட்ட செங்கால் நாரையோ தென்குமரிக்குச் சென்று வடதிசைக்கு மீளும் பறவை. வலசை என்னும் பேருண்மையை வறுமையில் நடுங்கிய ஒரு புலவர் போகிற போக்கில் பதிந்து வைத்தார். சங்க நூல்களில் வரும் பறவைகளை உயிரியல் நோக்கில் ஆராய்ந்து பி. எல். சாமி அவர்கள் எழுதிய 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூல், புலவர் சொற்கள் பெரிதும் கண்கண்ட செய்திகளே என்பதை நிறுவியது.

ஏரியும் ஏரி காத்தவரும்

பாலாற்றுப் படுகையில் ஏரி வெட்டிய வரலாறு பல்லவர் காலத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் தன் பெயரால் அமைத்த மகேந்திரவாடியில், மகேந்திர தடாகம் என்னும் ஏரியையும் அதன் கரையில் ஒற்றைப் பாறையைக் குடைந்து எடுத்த விண்ணகரத்தையும் கல்வெட்டு குறிப்பிடுகிறது. காவேரிப்பாக்கம் ஏரி மூன்றாம் நந்திவர்மனோடு இணைத்துப் பேசப்படுவது. அவ்வூருக்கு அவனி நாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று வழங்கிய பழம்பெயர் அவன் விருதுப்பெயரால் அமைந்ததே. தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்றாக அது இன்றும் விளங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாலாசாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே அணை எழுந்தபின் இவ்வேரிகளுக்கு நீர்வரத்து உறுதிப்பட்டது.

ஏரி என்பது நீர்த்தொட்டி மட்டும் அன்று. கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால், உள்வாய் எனப் பல உறுப்புகளைக் கொண்ட அமைப்பு அது. சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்றொரு குழுவை ஊரார் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. உள்வாயின் ஆழங்குறைந்த விளிம்பில் சேறும், நத்தையும், நண்டும் பெருகின. கரையிலும் நீரிடையிலும் கருவேலும் நீர்க்கடம்பும் வளர்ந்தன. பறவைக்கு வேண்டிய இரையும் கூடும் ஒருசேர அமைந்தன. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பியதும் பறவைகள் வந்து கூடு கட்டின; கோடையில் நீர் வற்றும்போது குஞ்சுகளோடு பறந்தன.

இவ்வுறவை மக்கள் எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தனர் என்பதற்கு வேடந்தாங்கல் சான்று. பாலாறு கடலைச் சேரும் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஆற்றுக்குத் தெற்கே அமைந்தது அவ்வூர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலப் படையினர் அங்குள்ள பறவைகளைச் சுட்டு வீழ்த்தியபோது ஊரார் செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேசிடம் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டு அவர் பறவைகளுக்குக் காப்பளித்து ஆணை வழங்கினார். மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் கதையில் இடம்பெறும் அதே துரை அவரே. 1858இல் அடுத்து வந்த கலெக்டர் ஒருவரால் அவ்வாணை புதுப்பிக்கப்பட்டது. 1936இல் அவ்வேரி அரசின் ஏற்புப் பெற்ற புகலிடமாயிற்று. 2022இல் ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஊரார் முறையிட்டது அருள் ஒன்றினால் மட்டும் அன்று. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு எருவாகும் என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆயிரக்கணக்கான நாரைகளும் நீர்க்காகங்களும் பல காதத் தொலைவிலிருந்து மீனையும் நத்தையையும் தின்று வந்து, அவற்றின் சத்தைத் தங்கள் ஏரியில் சேர்ப்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வேடர்களின் பெயரைத் தாங்கிய ஊர் வேட்டையைத் தடுத்தது. அந்த ஊரார் பட்டாசுகூட வெடிப்பதில்லை என்னும் வழக்கம் இந்த உறவின் தொடர்ச்சியே.

துப்பாக்கியும் ஏடும்

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பறவை நோக்கலுக்குப் புதிய வடிவம் ஒன்று வந்தது. அது துப்பாக்கியோடு வந்தது. பறவையைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, அளந்து, பெயரிட்டு வைப்பதே அக்கால முறை. இம்முறையில் தலைசிறந்து விளங்கியவர் சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய தாமசு செர்டன். தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை அவர் 1839ஆம் ஆண்டு முதல் வெளியிடத் தொடங்கினார். அதைத் தாங்கி வந்தது சென்னை இலக்கியச் சங்கத்தின் இதழ் என்பது இலக்கிய அன்பர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. கல்வெட்டும், காப்பியமும், பறவையும் ஒரே இதழில் இடம்பெற்ற காலம் அது. செர்டன் தம் பட்டியலில் உள்ளூர்ப் பெயர்களையும் கேட்டுக் குறித்தார். அவருக்கு அப்பெயர்களைச் சொன்ன வேட்டுவரும் வலைஞரும் பெயரின்றி மறைந்தனர். அவர்கள் சொற்கள் ஏட்டில் நின்றன.

சுடாமல் பார்க்கும் முறை 20ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. 1941இல் வெளிவந்த சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் ஆங்கிலம் அறிந்த நகரத்தாரைப் பறவை நோக்கர்களாக்கியது. தமிழில் அப்பணியைச் செய்தவர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மகனாக 1912இல் பிறந்த அவர், ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் தாம் மறையும் வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். பெரியசாமித் தூரன் பதிப்பித்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குப் பறவை, விலங்கு பற்றிய கட்டுரைகளை அளித்தார். வேடந்தாங்கலை ஆண்டுதோறும் கண்டு எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைப் பெருமாள்முருகன் தொகுத்துப் 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்னும் நூலாக்கினார். புதுச்சொல் புனைவதைவிட மக்கள் வழங்கிய பெயரைத் தேடி எடுப்பதே மேல் என்னும் நெறியை அவர் எழுத்தில் காணலாம்.

ஒரே நீரில் மூவர்

வேலூரின் மருத்துவ வரலாற்றிலும் கொக்குக்கு ஓர் இடம் உண்டு. 1955ஆம் ஆண்டு இப்பகுதியில் குழந்தைகளைத் தாக்கிய கடும் மூளைக்காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டது வேலூர் வட்டாரத்திலேயே. நெல்வயல் நீரில் பெருகும் கொசு அந்நச்சுயிரியைக் கடத்துகிறது. கொக்கும் நாரையும் அதனைத் தம் குருதியில் தாங்குகின்றன. அவற்றுக்கு நோய் காண்பதில்லை. பன்றியின் உடலில் அது பெருகுகிறது. கொசுக்கடியால் குழந்தைக்கு வந்து சேர்கிறது.

இச்செய்தி கொக்கைப் பகையாக்குவதற்கு அன்று. கொக்கை விரட்டியதால் இந்நோய் குறையவில்லை. தடுப்பூசியும், கொசு ஒழிப்பும், பன்றிகளைக் குடியிருப்பிலிருந்து விலக்கி வளர்த்தலுமே பயன் தந்தன. ஆயினும் மனிதன், கால்நடை, பறவை மூவரும் ஒரே நீரில் கால் நனைத்து வாழ்பவர்கள் என்பதை இப்படுகை மக்கள் துயரத்தின் வழியாக அறிந்தனர். அந்நீருக்கு நேர்வது மூவருக்கும் நேரும். அடுத்த இருபதாண்டுகளில் அந்த உண்மை வேறொரு வகையில் மெய்ப்பட்டது.

பட்டை நீரும் குரோமிய நீரும்

தோல் பதனிடுதல் இப்படுகைக்குப் புதிய தொழில் அன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோலை ஊறவைத்துப் பதப்படுத்தும் முறையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் பெயர்பெற்றன. பாலாற்று மணலடி நீரும், சுற்றுக் காடுகளின் ஆவாரையும், சென்னைத் துறைமுகமும் அத்தொழிலை வளர்த்தன. அன்றும் நாற்றமும் கழிவும் இருந்தன. ஆயினும் அளவு சிறிது, காலம் நீண்டது.

1970களின் தொடக்கத்தில் பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்வதை மைய அரசு கட்டுப்படுத்தியது. முழுதும் பதனிட்ட தோலும், காலணி முதலிய பொருள்களும் ஏற்றுமதியானால் நாட்டுக்கு வருவாய் மிகும் என்பது அதன் கருத்து. கருத்து பிழையன்று, அத்தொழில் இலட்சக்கணக்கானோருக்குச் சோறிட்டது. ஆனால் பட்டைப்பதம் வாரக்கணக்கில் எடுத்த வேலையைக் குரோமியப்பதம் நாள்கணக்கில் முடித்தது. தோலைக் கெடாமல் காக்க இட்ட உப்பும், மயிர் நீக்க இட்ட சுண்ணாம்பும் சல்பைடும், பதனிட்ட குரோமியமும் நீரில் கலந்து வாய்க்காலில் இறங்கி, ஏரியையும் ஆற்றையும் சேர்ந்தன. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று பின்னர் உச்சநீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிட்டது. இவற்றுள் குரோமியத்தைப் படியவைத்துப் பிரிக்கலாம். நீரில் கரைந்த உப்பைப் பிரிப்பதே அரிது. கிணறுகள் உவர்ப்பாயின. தென்னை குரும்பை உதிர்த்தது. நெல் விளைந்த நிலம் வெண்மை பூத்தது.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கை நடத்தியவர் வழக்கறிஞர் எம். சி. மேத்தா. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஒவ்வாததாகிவிட்டது என்பதைத் தீர்ப்பு எடுத்துரைத்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்னும் இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அது உறுதி செய்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கப் பணித்தது. இன்று இந்தியாவின் சட்டக் கல்லூரிகள் யாவற்றிலும் வேலூரின் பெயரால் இத்தீர்ப்புக் கற்பிக்கப்படுகிறது.

2001இல் அந்த ஆணையம் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் ஈட்டுத்தொகை என வரையறுத்தது. வழக்கு அத்துடன் ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, எஞ்சியோருக்கு அரசே ஈட்டுத்தொகையை வழங்கி அதனைக் கெடுத்தவரிடமிருந்து பெறவேண்டும் என்றும், ஆற்றை மீட்கக் குழு ஒன்றை அமைக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது. முதல் மனுவுக்கும் இவ்வாணைக்கும் இடையே ஒரு தலைமுறை கடந்தது.

ஈடு கேளாத குடி

ஈட்டுத்தொகை நிலத்துக்கும் கிணற்றுக்கும் உரியவர்க்கு வகுக்கப்பட்டது. அது முறையே. நிலத்துக்குப் பட்டா உண்டு. கிணற்றுக்கு உரிமையாளர் உண்டு. ஏரியின் உள்வாயில் நின்ற மடையானுக்குப் பட்டா இல்லை. அது மனுச்செய்யாது, சாட்சி சொல்லாது. கபிலரின் குருகைப் போலவே, நேர்ந்த கொடுமைக்கு உடனிருந்து, தன் இரையை மட்டும் நோக்கி நின்று, இரை அற்றபோது பறந்து போயிற்று.

ஆயினும் பறவை சாட்சி சொல்லும் முறை ஒன்று உண்டு. கழிவு கலந்த ஏரியில் பறவையே இராது என்று நினைப்பது தவறு. நெடுங்கால் உள்ளான் சாக்கடை நீரிலும் கூட்டமாக நின்று மேயும். அழுகிய சேற்றில் பெருகும் புழுக்கள் அதற்கு விருந்து. ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் தாழைக்கோழி நடமாடும். குப்பை மேட்டில் உண்ணிக்கொக்கு பொறுக்கும். இவற்றைத் தொலைவிலிருந்து காண்பவர் ஏரி செழித்திருப்பதாக எண்ணக்கூடும். ஆனால் நீருள் பார்த்துப் பாய்ந்து மீன் பிடிக்கும் ஆற்று ஆலாவும், அந்தரத்தில் நின்று சிறகடித்துச் செங்குத்தாக விழும் கருப்புவெள்ளை மீன்கொத்தியும், மூழ்கி வேட்டையாடும் பாம்புத்தாராவும் தெளிந்த நீரும் மீனும் உள்ள இடத்தையே நாடும். எத்தனை பறவை என்பது ஒரு கேள்வி. எவ்வகைப் பறவை என்பது அதனினும் நுட்பமான கேள்வி. இரண்டாம் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தவரே ஏரியின் நோயை அறிந்தவர்.

இதற்குப் பெயர் தெரிய வேண்டும். வெண்மையாக நிற்பதெல்லாம் கொக்கு என்றும், கறுப்பாக நீந்துவதெல்லாம் நீர்க்கோழி என்றும் சொல்லும் கண்ணுக்கு, ஒரு வகை போய் மற்றொரு வகை வந்தது தெரியாது. இழப்பு நிகழும்; இழந்ததாக எவரும் உணரார். வயலில் நின்ற உழவர் இதனை அறிந்திருந்தார். அவர் வயலை விட்டு ஆலைக்கு வந்தபோது அவரோடு வராமல் நின்றுவிட்டவற்றுள் பறவைப் பெயர்களும் உண்டு.

நகருக்குள் வந்த ஏரி

கடந்த இரு பதிற்றாண்டுகளில் வேலூர் விரிந்தது. ஓட்டேரி, சதுப்பேரி, காட்பாடிப் பகுதியின் கழிஞ்சூர், தாராபடவேடு ஆகிய ஏரிகளை வீடுகள் சூழ்ந்தன. கிராமத்து ஏரிகள் இடம் பெயராமலே நகரத்து ஏரிகளாயின. ஆயக்கட்டு மனைகளானதும் மதகுக்கு வேலை இல்லாது போயிற்று. நீர்ப்பாசனத்துக்கு வேண்டாத ஏரி எதற்கு என்னும் வினாவுக்கு, நடைபாதையும் இருக்கையும் விளக்கும் கொண்ட பூங்கா என்பதே தமிழக நகரங்கள் பலவும் கண்டுள்ள விடை. ஏரியை மூடி மனையாக்குவதைவிட இது நூறு மடங்கு மேலானது. வேலூரிலேயே கோட்டை அகழியும் அதனருகே அமைந்த பெரியார் பூங்காவும், நீரும் மரமும் நகர நடுவில் இருப்பதன் பயனைத் தலைமுறைகளாகக் காட்டி வந்துள்ளன.

ஆனால் பூங்காவுக்கும் ஏரிக்கும் இலக்கணம் வேறு. மனிதர் நடக்க வசதியாகக் கரையைக் கல்லடுக்கிச் செங்குத்தாக்கினால் ஆழங்குறைந்த விளிம்பு மறையும். விளிம்பு மறைந்தால் உள்ளானும் மடையானும் நிற்க இடமில்லை. அழகுக்காக உள்வாயின் கருவேலமரங்களை வெட்டினால் வக்காவும் நாரையும் அடைய இடமில்லை. இரவெல்லாம் விளக்கெரிந்தால் அடைந்த பறவையும் உறங்காது. ஆண்டு முழுதும் ஒரே அளவில் நீரை நிறுத்தினால், வற்றும் சேற்றில் இரை தேடும் வலசைப் பறவை வந்து திரும்பிப் போகும். வேடந்தாங்கலில் இந்நான்கும் கெடாமல் இருந்ததே அதன் பெருமை. அந்த ஊராருக்கு இதனை எந்தப் பொறியாளரும் கற்பிக்கவில்லை.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. வாணியம்பாடியை அழித்த 1903ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் இத்தகைய நீரைக் கண்டவர் இலர் என்று பேசப்பட்டது. அவ்வெள்ளம் உயிரையும் உடைமையையும் வாங்கிற்று. பல்லாண்டு வறண்டு கிடந்த ஏரிகளையும் நிரப்பிற்று. ஆறு இறந்துவிட்டது என்று சொன்னவர்க்கு, தன் வழியையும் தன் ஏரிகளையும் அது மறக்கவில்லை என்று காட்டிற்று. நீர் வரும் வழி அடைபடாமலும், வரும் நீர் நஞ்சாகாமலும் காப்பது மட்டுமே மனிதர் செய்ய வேண்டுவது.

எண்ணுவோரின் காலம்

இப்போது மற்றொரு மாற்றம் நிகழ்ந்து வருகிறது. 2015ஆம் ஆண்டு முதல் தமிழகப் பறவை நோக்கர்கள் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகின்றனர். ஆசிரியர், மாணவர், வங்கி ஊழியர், இல்லத்தரசியர் எனப் பலரும் தத்தம் ஊர் ஏரியில் குறைந்தது கால்மணி நேரம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் பதிவு செய்கின்றனர். துப்பாக்கி இல்லை, பஞ்சடைத்த உடலும் இல்லை. பெயரும் எண்ணும் நாளும் இடமுமே அவர்கள் சேர்க்கும் செல்வம். வனத்துறையும் ஈரநிலப் பறவைகளை ஒரே காலத்தில் எண்ணும் பணியில் இத்தன்னார்வலரைச் சேர்த்துக்கொள்கிறது.

அறுவடைத் திருநாளை இதற்குத் தேர்ந்தது பொருத்தமே. வலசைப் பறவைகள் ஏரிகளில் நிறைந்திருக்கும் பருவம் அது. இமயத்தைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்தும், வடபுலத்திலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் கிளுவையும் தென்னக ஏரிகளில் தங்கும் காலம். முன்பு உழவர் எண்ணாமலே அறிந்திருந்ததை இன்று நகரத்தார் எண்ணி அறிய முயல்கின்றனர். நாளை ஒரு வழக்கு எழுமாயின், ஒரு நடைபாதைத் திட்டம் வகுக்கப்படுமாயின், இந்த எண்கள் மேசைமேல் வைக்கப்படும். பட்டா இல்லாத குடிக்கு இதுவே பட்டா.

இம்முயற்சியில் கவிஞர்க்கும் பங்குண்டு. தமிழில் பறவைப் பெயர்களைத் திரட்டும் பணியைப் பேராசிரியர் க. ரத்னம் போன்றோர் செய்து தந்துள்ளனர். அப்பெயர்கள் அகராதியில் மட்டும் கிடந்தால் அருங்காட்சியகத்துப் பஞ்சடைத்த பறவைகளே ஆகும். பாட்டில் அவை மீண்டும் நடமாட வேண்டும். ஏதோ ஒரு வெண்பறவை என்று எழுதும் கவிதைக்கும், நத்தைகுத்தி என்று எழுதும் கவிதைக்கும் இடையே ஓர் ஏரியளவு தொலைவு உண்டு. பெயரறிந்த கவிஞர் ஒருவர் எழுதிய வரியைப் படித்துவிட்டு, வாசகர் ஒருவர் மாலையில் அகழிக்கரைக்குச் சென்று அப்பறவையைத் தேடுவாராயின், அதுவே ஓர் இலக்கிய அமைப்பு ஊருக்குச் செய்யும் தொண்டு.

ஊராரின் பழமொழியில் தெய்வமில்லாத கோயில் என்னும் உறுப்பு 1981இல் உதிர்ந்தது. நீரில்லாத ஆறு என்னும் உறுப்பும் அவ்வப்போது தோற்றுப்போகிறது. பறவையில்லாத ஏரி என்னும் புதிய உறுப்பு அதில் சேராதிருக்க வேண்டுமாயின், கரையின் சரிவும், கருவேலமரமும், தெளிந்த நீரும், பெயர் சொல்லத் தெரிந்த கண்ணும் வேண்டும். மார்கழிப் பனியில் மதகின் ஓரத்தில், மண்ணோடு மண்ணாக, மடையான் இன்னும் நிற்கிறது. அருகே செல்லும்வரை அது தெரிவதில்லை.